அவள் இருக்க இவள் போக

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். அதற்கு ஒரு கால் குட்டை. பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள். படமெடுக்கும் கருவியை மேசைமேல் வையுங்கள், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. காசைக் காட்டுவதற்குமுன் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன. அவற்றை அறியாமல் பார்த்தால், கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு பழைய பொற்காசைப் பார்த்தீர்கள் என்பதோடு முடிந்துவிடும்.

முதலாவது, இதை நான் கழற்றித் தரமாட்டேன். அருங்காட்சியகத்தின் கடிதத்தைப் படித்தேன். "காசினை ஒருநாள் தந்துதவுமாறு வேண்டிக்கொல்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். கொள்வதற்கும் கொல்வதற்கும் இடையே ஓர் எழுத்துத்தான். தட்டெழுதியவரிடம் சொல்லுங்கள், கோபமாகச் சொல்ல வேண்டாம். கழற்றமாட்டேன் என்பது பிடிவாதம் அன்று. இந்த வீட்டில் இந்தக் காசு ஒரு கழுத்திலிருந்து இறங்கினால் இன்னொரு கழுத்தில் ஏறவேண்டும். நடுவில் மேசை கிடையாது, பெட்டகம் கிடையாது. மூத்த மருமகளின் கழுத்திலிருந்து, அவளுக்கு வாய்க்கும் மூத்த மருமகளின் கழுத்துக்கு. இதற்குக் 'கழுத்து மாற்றுதல்' என்று பெயர். எந்தத் தலைமுறையிலோ கிணறு வெட்டியபோது கிடைத்த காசு என்பார்கள். பொன்னாண்டிவலசில் வேறு எந்த வீட்டிலும் இந்த வழக்கம் இல்லை.

இரண்டாவது, காசின் உருவங்கள். ஒரு புறத்தில் ஓர் ஆணின் தலை. முடிமேல் இலைமாலை. எங்கள் வீட்டார் அதைச் சோளத்தாள் என்பார்கள். உரோமாபுரி மன்னன் எதற்காகச் சோளத்தாளைத் தலையில் கட்டினான் என்று எவரும் கேட்டதில்லை. அவன் கன்னத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு ஒன்று உண்டு. ஆகவே அவனுக்கு 'வெட்டுமூஞ்சியான்' என்று பெயர். மறு புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் வீற்றிருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் இலைக்கிளை. அவள் நாற்காலி ஆத்தாள். ஊரார் வாயில் 'நாக்காலியாத்தா'. ஆத்தாள் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெட்டுமூஞ்சியான் உட்பக்கம், அணிந்தவளின் தோலோடு. வெட்டின் விளிம்பு சற்றுக் கூர்மையானது. கோடையில் அரிக்கும், பழகிவிடும்.

மூன்றாவதுதான் முதன்மையானது. கழுத்து மாற்றும்போது சொல்லப்படும் வாக்கு ஒன்று உண்டு. நான்கே சொற்கள். 'அவள் இருக்க இவள் போக.' அவள் என்பது காசில் இருப்பவளை. இவள் என்பது காசை அணிந்தவளை. 'ஆகாது' என்னும் முடிக்கும் சொல் தொக்கி நிற்கிறது. அதாவது, ஆத்தாள் இருக்கையை விட்டு எழாதிருக்கும்போது, அவளைச் சுமப்பவள் வீட்டை விட்டுப் போகலாகாது. பகலில் போகலாம், தடையில்லை. விளக்கு வைப்பதற்குமுன் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் தங்குதல் கூடாது.

இந்த விதியை யார் வகுத்தது என்று கேட்கிறீர்கள். அதற்கு உரிய இடத்தில் வருகிறேன். காபியைக் குடியுங்கள், ஆறினால் ஆடை கட்டிவிடும்.

என் பெயர் தெய்வநாயகி. பிறந்தது திருச்செங்கோடு, தமிழ் முதுகலை படித்தது கோயம்புத்தூர். இலக்கணத்துக்கென்று ஒரு தங்கப் பதக்கம் தந்தார்கள். அதிலும் யாரோ ஒருவரின் முகம் இருந்தது. கழுத்தில் இந்தக் காசு ஏறியபின் அதற்கு இடமில்லாமற் போயிற்று. மணமாகி மூன்று மாதத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் அகராதி நிறுவனத்தில் உதவிப் பதிப்பாசிரியர் வேலை. மாமனார் முடியாது என்றார். அவர் சொன்ன காரணமும் உரிய இடத்தில் வரும்.

ஆகவே பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். காலைப் பேருந்தில் போவேன், மாலைப் பேருந்தில் வருவேன். பேருந்து தாமதித்தால் என் கணவர் குழந்தைசாமி நிறுத்தத்தில் நின்றுகொண்டு சூரியனைப் பார்ப்பார், சாலையைப் பார்ப்பார். நல்ல மனிதர். காசிக்குப் போனார், எனக்குக் கங்கைச் சொம்பு வாங்கிவந்தார். திருப்பதிக்குப் போனார், இலட்டு கொண்டுவந்தார். பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் சுற்றுலா போகும். நான் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிடுவேன். இராமேசுவரம் போனவர்கள் சங்கும் கிளிஞ்சலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை மேசைமேல் வைத்துக்கொண்டு நெய்தல் திணை நடத்தினேன். கடலை நான் பார்த்ததில்லை. அதனால் பாடத்தில் பிழை நேர்ந்ததில்லை.

என் தாயார் திருச்செங்கோட்டில் நோயுற்றுக் கிடந்தபோது பகலெல்லாம் உடனிருந்துவிட்டுத் திரும்புவேன். அவர் இரவில் இறந்தார். இதை ஒரு செய்தியாகவே சொல்கிறேன்.

இனி நடந்ததற்கு வருவோம். சென்ற ஆண்டு ஆனி மாதம். நான் ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதே அகராதி நிறுவனத்தில் இப்போது இயக்குநராக இருப்பவர் என்னோடு படித்த அன்னபூரணி. அவர் தொலைபேசியில் அழைத்தார். "தெய்வா, வினைச்சொல்லுக்கு மட்டும் தனி அகராதி போடறோம். ஒன்னை விட்டா எனக்கு ஆள் கிடையாது. ஆனி முடியறவரைக்கும் பதவியை வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். வருகிறேன் என்றேன். ஏனென்றால் அந்த ஆனியில்தான் என் மகன் தென்னவனுக்குத் திருமணம். மருமகள் வந்தால் கழுத்து மாறும். கழுத்து மாறினால் நான் போகலாம். இதில் எங்கே தடை? ஒரு பெட்டி வாங்கி, கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தேன். பூட்டும் புதிது.

மருமகளைத் தேர்ந்தெடுத்தவள் நானே. வளர்மதி என் மாணவி. பத்தாம் வகுப்பில் வல்லெழுத்து மிகுமிடங்களில் ஒன்றைக்கூட விடாதவள். ஒசூரில் வங்கியில் வேலை பார்த்தாள். என் மகனும் ஒசூரில்தான் தொழிற்சாலையில் இருக்கிறான். அவள் வேலையை விட்டுவிட்டு இங்கே இருக்கலாம், அவன் வாரந்தோறும் வந்துபோகலாம் என்று வகுத்திருந்தேன். பேருந்து வசதி நன்றாகவே இருக்கிறது. நிச்சயத்துக்குமுன் அவளை இதே நாற்காலியில் உட்காரவைத்துக் காசைப் பற்றி, உங்களுக்குச் சொன்ன வரிசையிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு "சரிங்க டீச்சர்" என்றாள். 'சரி' என்பதற்கு உடன்படுதல் என்று பொருள். கேட்டுக்கொண்டேன் என்பதும் அதன் பொருளே என்று பின்னால் சொன்னாள். அகராதியில் அப்படி ஒரு பொருள் இல்லை.

திருமணம் முடிந்து வீடு நிறைய உறவினர். கழுத்து மாற்றும் நாள் காலை கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். நடுவில் பெரியமாமா காளியண்ணன், என் மாமனாரின் தமையனார், மணம் செய்துகொள்ளாதவர். மாமனாரும் மாமியாரும் காலமான பின் இந்த வீட்டில் முடிவு சொல்பவர் அவரே. பல் இல்லை, காது மட்டும் பாம்புக்காது. பின்கட்டில் பந்திக்கு இலை போட்டாயிற்று. நான் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் கையில் பிடித்தேன். கயிறு கிடந்த இடத்தில் காற்றுப் பட்டது. அப்படி ஒரு காற்று இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

"கழுத்தக் காட்டு புள்ளே, சோறு ஆறுது" என்றார் பெரியமாமா.

"காட்டறேனுங் தாத்தா. அதுக்கு முன்ன அந்த வாக்க ஒருக்காச் சொல்லுங்க."

"அவ இருக்க இவ போக."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன அப்பறம்? அவ்வளவுதான்."

"கடைசில 'ஆகாது'ன்னு வருமுங்களே?"

"அதச் சொல்றதில்ல கண்ணு. அது உள்ளுக்குள்ளயே கெடக்குது."

"உள்ளுக்குள்ள கெடக்குதுன்னு ஆருங்க சொன்னது?"

பெரியமாமா என் பக்கம் கையை நீட்டினார். "இந்தா நிக்குதே, உன்ற மாமியா, வாத்தியாரம்மா. இதுதான் சொல்லுச்சு. எங்களுக்கு என்னத்தத் தெரியும்? எங்கம்மா இந்தக் காசப் போட்டுட்டேதான் பழனிக்கு நடந்து போச்சு. மலையடிவாரத்துல தங்கியும் வந்துச்சு. ஆரும் ஒண்ணும் கேக்கல. அதுக்கு அப்பறம் வந்த பாவாத்தா எங்கயும் போகல. அவளுக்குப் போறதுக்கு எடமில்ல, பொறந்த ஊட்டுல ஆருமில்ல. இந்தம்மா கலியாணமாகி வந்தப்பத்தான் இதே கூடத்துல நின்னு வெளக்கஞ் சொல்லுச்சு. எச்சங்குது, தொக்குங்குது, வாய்பாடுங்குது. சபையே வாயப் பொளந்துட்டு நின்னுச்சு. எங்க தம்பி அன்னைக்குப் புடிச்சவன்தான். 'படிச்ச புள்ளயே சொல்லிருச்சு, இனிமே இத மாத்தப்படாது'ன்னுட்டான்."

இங்கே நான் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். அவர் சொன்னது பொய்யன்று, முழுமையும் அன்று. அன்று என் மாமியார் பாவாத்தாள் கயிற்றை என் கழுத்தில் போட்டுவிட்டு, "இதுக்கு என்னமோ அர்த்தமாம் கண்ணு, எனக்குத் தெரியாது, நீ படிச்சவ, நீயே சொல்லு" என்றார். கேட்டதற்கு விடை சொன்னேன். பதக்கம் வாங்கிய சூடு ஆறாத வயது. சற்று விரிவாகவே சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொன்னது விளக்கம். அதை விதியாக்கியவர் மாமனார். சென்னை அழைப்பு வந்தபோது அவர் என் சொற்களையே ஓர் எழுத்துப் பிசகாமல் என்னிடம் திருப்பிச் சொன்னார். "தொக்கி நிக்குதுன்னியே அம்மிணி" என்றார். அப்போதே விளக்கத்தை மாற்றியிருக்கலாமே என்கிறீர்களா? தனக்கு வேலை வந்தவுடன் இலக்கணத்தை மாற்றிக்கொள்பவளை நீங்கள் மதிப்பீர்களா?

வளர்மதி இப்போது என்னைப் பார்த்துத் திரும்பினாள். வகுப்பில் ஐயம் கேட்கும்போது நிற்பதைப் போலவே நின்றாள்.

"அத்தைங்க, நீங்கதான் பத்தாம் வகுப்புல சொன்னீங்க. இல்லாத சொல்லை உள்ளுக்குள்ள தேடறதுக்கு முன்ன, இருக்கற சொல்லு முடிஞ்சிருக்குதான்னு பாருன்னு. வாழ்க, வருக, போக. இது எச்சமில்லீங்க. வியங்கோள் முற்று. 'அவள் இருக்கட்டும், இவள் போகட்டும்.' இதுல ஆகாதுக்கு எடமெங்கீங்க இருக்குது?"

சுவரோரமாக நின்ற என் கணவரின் பங்காளி ஒருவர் சிரித்துவிட்டார். "ஏண்டா தென்னவா, நீ பொண்ணுக் கட்டியாந்தியா, பரிச்சை எழுதக் கூட்டியாந்தியா?"

"செத்தச் சும்மா இருங்க சித்தப்பா" என்றான் என் மகன். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

வளர்மதி விடவில்லை. என் கையில் தொங்கிய காசை விரலால் தொட்டாள். "பாருங்க தாத்தா. அவதான் நல்லா நாக்காலி போட்டு உக்காந்திருக்கறாளே. அதுக்கு மேல நாம வேற எதுக்குக் கூட உக்காரோணும்? அவ இருந்து பாத்துக்குவா, நீ போயிட்டு வான்னுதான் அந்தக் காலத்துல சொல்லியிருக்கறாங்க. பழனிக்குப் போன உங்கம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்குது."

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ "அட, ஆமால்ல" என்றார்கள்.

பெரியமாமா கையை உயர்த்தினார். "ஆரும் பேசப்படாது. ஏம்மா வாத்தியாரம்மா, நீ சொல்லு. அன்னைக்கும் நீதான் சொன்ன, இன்னைக்கும் நீயே சொல்லு. புள்ள சொல்றது செரியா, தப்பா? நீ சொல்றதுதான் முடிவு."

என் நிலையை நீங்கள் தெளிவாக உணரவேண்டும். 'தவறு' என்றால் காசு அவள் கழுத்துக்குப் போகும். நான் சென்னைக்குப் போவேன். 'சரி' என்றால் காசு யார் கழுத்தில் இருந்தாலும் யாரும் எங்கும் போகலாம். அப்போதும் நான் சென்னைக்குப் போவேன். எந்த விடையைச் சொன்னாலும் கட்டிலுக்கடியிலிருக்கும் பெட்டி புறப்பட்டுவிடும். இதை நான் அங்கேயே, அந்த நொடியிலேயே அறிந்திருந்தேன். கணக்கில் நான் மட்டம் இல்லை.

கூடம் முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல்முறை நான் விளக்கம் சொன்ன நாளிலும் இப்படித்தான் பார்த்தார்கள். அன்று பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. இருந்தவர்களோ என்னை ஒரே ஒரு செய்திக்காக நினைவில் வைத்திருப்பவர்கள். வாத்தியாரம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்பது அது.

"இருவகையாகவும் கொள்ளலாம்" என்றேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். அது பிழையற்ற விடை. 'போக' என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சமாகவும் வரும், ககர ஈற்று வியங்கோளாகவும் வரும். எச்சம் என்றால் ஒரு சொல்லை வருவித்து முடிக்கவேண்டும். முற்று என்றால் வேண்டாம். எளிய வழி இருக்கும்போது அரிய வழியை நாடாதே என்று நான் பாடம் நடத்தியதும் உண்மை. ஆயினும் நாடாதே என்பது வேறு, வழியே இல்லை என்பது வேறு. வழி இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்ல என்னால் இயலாது.

"ரண்டும் செரின்னா நாங்க எதம்மா பண்றது?" என்றார் பெரியமாமா.

"ஐயத்துக்கு இடம் இருக்கிறது என்றுதான் என்னால் சொல்ல முடியும் மாமா."

அவர் சிறிது நேரம் ஈறுகளை மென்றார். பின்கட்டிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. "செரி. சந்தேகத்த வெச்சுக்கிட்டு ஒரு புள்ள கழுத்துல கயிறு போடப்படாது. நீ எப்பத் தீத்துச் சொல்றியோ அப்ப மாத்திக்கலாம். அதுவரைக்கும் இருந்தபடியே இருக்கட்டும். வாங்கப்பா, உண்கலாம்."

இருக்கட்டும். அதில் ஐயமே இல்லை.

எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். காசு இன்னமும் என் கையில் இருந்தது. கையில் இருக்கக்கூடாது. ஆகவே நானே கயிற்றை விரித்துத் தலைவழியாக இட்டுக்கொண்டேன். ஆத்தாள் வெளிப்பக்கம், வெட்டுமூஞ்சியான் உட்பக்கம். சரிபார்த்துக்கொண்டுதான் பரிமாறப் போனேன்.

பந்தி முடிந்தபின் வளர்மதி சமையலறைக்கு வந்தாள். நான் மிச்சமிருந்த பாயசத்தைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் அத்தை அப்படிச் சொன்னீங்க? செரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களையும் நாளைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன். சேலத்துல எறக்கி மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்திவிட்டிருப்பேன். பெட்டியப் பாத்தேனுங்க, கட்டிலுக்கடியில."

"சென்னை" என்று திருத்தினேன். "பெட்டி வேறு, விடை வேறு."

"தப்புன்னாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் சண்டை போட்டிருப்பேன். நீங்க போயிருப்பீங்க."

"தவறில்லாததைத் தவறு என்று சொல்லச் சொல்கிறாயா?"

"அப்பச் செரிதானுங்களே?"

நான் பாயசத்தைக் கிளறினேன்.

அவள் இன்னும் அருகில் வந்தாள். பிறகு மெல்ல, "செரின்னு சொல்லிட்டா, இத்தன வருசமும் நீங்க..." என்று தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்தத் தொடரை அவள் முடிக்கவே இல்லை. முடியாத தொடருக்கு விடை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஏலக்காய் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னேன், எடுத்துத் தந்தாள்.

அதன்பின் முடிவானவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் படமெடுக்கலாம்.

வளர்மதி மறுநாளே ஒசூருக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு வந்தார்கள். நலமாக இருக்கிறார்கள். அவள் என்னிடம் காசைப் பற்றி மறுபடி எதுவும் கேட்பதில்லை. ஆனால் காசு விழுந்திருந்த திருமணப் படத்தை உங்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியவள் அவளே என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனி முடிந்தது. சென்னைப் பதவிக்கு வேறொருவரை நியமித்துவிட்டார்கள். அன்னபூரணி வருத்தப்பட்டார், திட்டவும் செய்தார். அச்சுப்படிகளைப் பேருந்துச் சிப்பத்தில் இங்கே அனுப்புகிறார். திருத்தி மறு பேருந்தில் அனுப்புகிறேன். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. இப்போது அதில் அச்சுப்படிகள் இருக்கின்றன.

பெரியமாமா தை மாதம் காலமானார். இறப்பதற்கு முன்பும் "சந்தேகந் தீந்துச்சா அம்மிணி?" என்று கேட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்த ஐயத்தைத் தீர்க்கும் உரிமை இனி என் ஒருத்தியிடமே இருக்கிறது என்பது அவரோடு முடிவாயிற்று.

காசைச் சுற்றியுள்ள எழுத்துகள் எங்கள் வாக்கு அன்று என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதும் முடிவானது. அவை அந்த மன்னனின் பெயரும் பட்டமும். பெண்ணின் பக்கத்திலும் அவனே பெரிய பூசாரி என்றுதான் பொறித்திருக்கிறது. அவளைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. அவள் கையிலிருப்பது அமைதியின் கிளையாக இருக்கலாம் என்றீர்கள். இருக்கலாம். கன்னத்து வெட்டு, இந்தக் காசு இனிச் செல்லாது என்று காட்டுவதற்காக அக்காலத்தில் யாரோ வெட்டியதாக இருக்கலாம் என்றும் சொன்னீர்கள். அதையும் மறுக்கமாட்டேன். செல்லாக் காசு. 'செல்' என்னும் வினைக்குப் போதல் என்றும் பொருள், வழங்குதல் என்றும் பொருள். இங்கே வழங்குதல் என்பதே பொருந்தும். போதல் என்னும் பொருளுக்கு இங்கே வேலையில்லை.

கடைசியாக ஒன்று. அகராதியில் 'ககர ஈற்று வியங்கோள்' என்னும் பகுதிக்கு எடுத்துக்காட்டு ஒன்று கேட்டார்கள். நூல்களில் இல்லாததாக, மக்கள் வழக்கில் உள்ளதாக வேண்டும் என்றார்கள். 'அவள் இருக்க இவள் போக' என்று எழுதி அனுப்பினேன். எச்சத்துக்கும் இதையே எடுத்துக்காட்டாகப் போட்டுவிடலாமா என்று அன்னபூரணி கேட்டார். கூடாது என்றேன். அது முற்று. ஐயத்துக்கு இடமானதை அகராதியில் ஏற்றக்கூடாது. அச்சாகிவிட்டது.

கருவியை எடுங்கள். வெளிச்சம் போதாதென்றால் நாற்காலியைச் சன்னல் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். முதலில் வெட்டுமூஞ்சியான், திருப்பிப் பிடிக்கிறேன், கயிறு இவ்வளவு தூரந்தான் வரும். எடுத்தாயிற்றா? இனி ஆத்தாள். அருகில் வாருங்கள். நான் அசையமாட்டேன்.

அதோ, என் கணவர் கூப்பிடுகிறார். பேருந்து வளைவில் திரும்பிவிட்டதாம். இதைத் தவறவிட்டால் இன்று வேறு பேருந்து இல்லை. காபித் தம்ளர் அப்படியே இருக்கட்டும். நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள்.